கேப்டன் குக் விழுந்த கரைக்கு நடந்தே போய் வர: கேயலகேகுவா விரிகுடா முழு வழிகாட்டி

ஹவாயின் பெரிய தீவில், கோனா கரையோரம், பொதுச் சாலை எதுவும் போய்ச் சேராத ஒரு முனையில் வெள்ளைத் தூண் ஒன்று நிற்கிறது. உயரம் 27 அடி. பிரிட்டிஷ் கடலோடி கேப்டன் ஜேம்ஸ் குக் 1779 பிப்ரவரி 14 அன்று கொல்லப்பட்ட இடத்துக்கு அருகே, 1874 நவம்பரில் அவருடைய நாட்டவர்கள் எழுப்பியது. தூணுக்கு முன்னாலேயே கடல். கரையை விட்டுச் சற்றே நகர்ந்தால் பவளப்பாறை. 1969 முதல் இந்த விரிகுடாவின் 315 ஏக்கர் பாதுகாக்கப்பட்ட கடற்பகுதி.

அமெரிக்க மேற்குக் கரையில் இருக்கும் நம்மவர்கள் விடுமுறைக்கு ஹவாய் போவது இப்போது சகஜம். கேயலகேகுவாவுக்கும் நிறைய பேர் வருகிறார்கள். படகில் வந்து, இரண்டு மணி நேரம் மீன் பார்த்து, தூணை ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். மீன்கள் பார்க்க வேண்டியவைதான். ஆனால் அந்தத் தூண் நிற்கும் காவலோவா ஒரு காலத்தில் பெரிய ஊர், ஓர் அரசர் தங்கியிருந்த ஊர். அதன் வீட்டு மதில்கள் இன்னும் அங்கே இருக்கின்றன. நடந்து இறங்கினால்தான் அந்த ஊருக்குள் நுழைகிறோம் என்பதே தெரியும். உடம்பு இடம் கொடுத்தால் நடந்து போங்கள் என்பதே என் யோசனை. இந்த வழிகாட்டி அதற்காகத்தான்.

கிளம்புமுன்: அங்கே என்ன நடந்தது

கதை தெரியாமல் போனால் அது வெறும் சுண்ணாம்பு நிறத் தூண். அதனால் இதை முதலில் சொல்கிறேன்.

1779 ஜனவரி 17 அன்று ரெசல்யூஷன், டிஸ்கவரி என்ற இரண்டு கப்பல்களோடு குக் இந்த விரிகுடாவில் நங்கூரம் போட்டார். அது மகாஹிகி பருவம்: லோனோ என்ற தெய்வத்துக்கு உரிய, போர் நிறுத்தி விழா எடுக்கும் மாதங்கள். அவரை மக்கள் பெரும் மரியாதையோடு வரவேற்றார்கள். லோனோவாகவே எண்ணினார்களா என்பதில் அறிஞர்களுக்குள் இன்றும் வாதம் ஓயவில்லை. விருந்தும் காணிக்கையுமாக நாட்கள் போயின. பிப்ரவரி 4 அன்று கப்பல்கள் கிளம்பின.

கதை அதோடு முடிந்திருக்கலாம். சில நாளில் புயலில் ரெசல்யூஷனின் பாய்மரம் பழுதானது. வேறு வழியின்றி 11-ஆம் தேதி அதே விரிகுடாவுக்குத் திரும்பினார்கள். விழாக் காலம் முடிந்திருந்தது. இரண்டு கப்பல் ஆட்களுக்கும் ஏற்கெனவே நிறைய உணவு கொடுத்த ஊர் அது. இம்முறை வரவேற்பு இல்லை. சில்லறைத் திருட்டு, அடிதடி, மனக்கசப்பு. 13-ஆம் தேதி இரவு டிஸ்கவரியின் பெரிய படகு ஒன்று காணாமல் போனது. மறுநாள் காலை குக் ஆயுதம் தாங்கிய வீரர்களோடு காவலோவாவில் இறங்கி, அரசர் கலனியோபுவைக் கப்பலுக்கு அழைத்துப்போய்ப் படகு திரும்பும் வரை பிணையாக வைத்துக்கொள்ளத் திட்டமிட்டார். முதியவரான அரசர் எதுவும் சந்தேகப்படாமல் எழுந்து நடந்தார். கரைக்கு அருகே அவர் மனைவியும் தலைவர்களும் போகாதீர்கள் என்று மன்றாடினார்கள். அதே நேரம் விரிகுடாவின் மறுபக்கம் ஆங்கிலேயர் சுட்டதில் ஒரு தலைவர் இறந்த செய்தி வந்து சேர்ந்தது. கூட்டம் கொதித்தது. குக் சுட்டார். அலை தொடும் பாறையில் குத்துப்பட்டு விழுந்தார். அவரோடு 4 வீரர்களும், அவர்களைவிட அதிகமான ஹவாய் மக்களும் அன்று செத்தார்கள்.

குக்கின் உடலுக்கு ஹவாய் மக்கள் தங்கள் தலைவர்களுக்குச் செய்யும் முறையில் சடங்கு செய்தார்கள். எலும்புகளில் ஒரு பகுதி கப்பலுக்குத் திருப்பித் தரப்பட்டு, இதே விரிகுடா நீரில் அடக்கம் செய்யப்பட்டது. நீங்கள் கண்ணாடி மாட்டிக்கொண்டு மிதக்கப்போவது அந்த நீரில்தான்.

படி 1: எந்த வழியில் போவது

வழிகள் மூன்று.

நடை. அனுமதிச் சீட்டு, கட்டணம் எதுவும் வேண்டாம். ஒரு பக்கம் ஏறத்தாழ 3 கிலோமீட்டர். மேலிருந்து கடல் மட்டம் வரை 1,300 அடி இறக்கம், அதாவது 400 மீட்டர். திருச்சி மலைக்கோட்டை 83 மீட்டர். அதைப்போல் ஐந்தை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிப் பாருங்கள். நம் மலைக்கோயில்களில் தெம்பு இருக்கும்போது ஏறி, களைத்த பிறகு இறங்குவோம். இங்கே அப்படியே தலைகீழ். இந்த ஒன்றை மனதில் வைத்துத்தான் முழு நாளையும் திட்டமிட வேண்டும்.

படகு. வடக்கே கெயாஹோவ் துறையிலிருந்து சுற்றுலாப் படகுகள் வருகின்றன. உயிர்காப்புச் சட்டை, நீருக்குள் பார்க்கும் முகமூடி, வழிகாட்டி எல்லாம் படகிலேயே கிடைக்கும். ஆனால் பயணிகளைக் கரையில் இறக்கமாட்டார்கள். தூணைக் கடலிலிருந்துதான் பார்க்கலாம். மூட்டுவலி உள்ள பெற்றோர், சின்னப் பிள்ளைகள், நீந்தத் தெரியாதவர்கள் இருந்தால் யோசிக்காமல் படகைத் தேர்ந்தெடுங்கள்.

கயாக் துடுப்புப்படகு. எதிர்க்கரையான நாப்போப்போவிலிருந்து வரலாம். ஆனால் வாடகைக்கு எடுத்து நம் இஷ்டத்துக்கு வந்து இறங்க முடியாது. ஊர்ச் சின்னங்களும் பவளமும் மிதிபட்டதால் மாநில அரசு 2013 முதல் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. காவலோவாவில் இறங்க வேண்டுமென்றால், உரிமம் பெற்ற சில நிறுவனங்களின் வழிகாட்டியோடு மட்டுமே முடியும். சாலையோரம் யாராவது குறைந்த வாடகைக்குப் படகு தருகிறேன் என்றால் அனுமதி யாருடையது என்று கேளுங்கள். அப்போதைய விதிகளை மாநிலப் பூங்காத் துறையின் தளத்தில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

நாப்போப்போவிலிருந்து பார்த்தால் தூண் கண்ணுக்கு எதிரே, கைக்கெட்டும் தூரம் போலத் தெரியும். கரையோரமாகவே நடந்துவிடலாமே என்று தோன்றும். கூடாது. நடுவில் செங்குத்தான பாறைச் சுவர் நிற்கிறது. 2006 அக்டோபர் 15 நிலநடுக்கத்தில் அந்தச் சுவரிலிருந்து பாறைகள் சரிந்து, விரிகுடாவே புழுதியால் மறைந்தது. தவிர, அந்தச் சுவரின் குகைகள் பழைய தலைவர்களின் எலும்புகள் வைக்கப்பட்ட இடங்கள். பாலி கபு ஓ கெயோவா என்பது அதன் பெயர். கபு என்றால் விலக்கப்பட்டது, புனிதமானது.

படி 2: நாளும் நேரமும்

கோனா கரையின் வானிலைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. காலையில் வெயில், மதியத்துக்கு மேல் மலைச்சரிவில் மேகம் கட்டும், பல நாள் மழையும் வரும். கோடையில் இது அதிகம். அதனால் பாதைத் தொடக்கத்தில் காலை 7 மணிக்கு நில்லுங்கள். 8 மணி வாக்கில் கடலில் இருப்பீர்கள். படகுக் கூட்டம் சேரும் முன் நீர் கண்ணாடிபோல் இருக்கும். 11 மணிக்குள் ஏறத் தொடங்கிவிட்டால் உச்சி வெயிலில் பாதியாவது தப்பும்.

குளிர்கால மாதங்களில் வடமேற்கிலிருந்து பெரிய அலைகள் வரும் நாட்கள் உண்டு. விரிகுடா ஓரளவு மறைவானது என்றாலும், அலை எச்சரிக்கை விடுத்திருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். அங்கே இறங்குவதற்கு மணல் கிடையாது, பாறைதான். உயிர்காப்புக் காவலர் யாரும் இல்லை.

படி 3: பையில் என்ன

தண்ணீர். ஆளுக்கு 3 லிட்டர். கீழே குடிநீர் இல்லை, கழிப்பறை இல்லை, கடை இல்லை. எரிமலைக்கல் மீது நடப்பவனுக்கு வெயில் மேலேயும் அடிக்கும், கீழேயும் அடிக்கும். ஒரு பாட்டிலில் உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு கரைத்து எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்றத்தில் அது தரும் தெம்பு வெறும் தண்ணீரில் வராது. சாப்பாட்டுக்குப் புளியோதரை சரி. தயிர் சாதம் அந்தச் சூட்டில் நிற்காது.

செருப்பு வேண்டாம், அடிப்பாகம் கெட்டியான காலணி வேண்டும். கீழ்ப் பகுதியில் கியாவே மரங்கள் நிற்கின்றன. பார்த்தவுடனே நமக்கு அடையாளம் தெரிந்துவிடும்: நம்மூர் சீமைக்கருவேலத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. அதே பேரினம், அதே இலை, அதே முள். ரப்பர் அடியைத் துளைத்துக் காலில் ஏறும். ராமநாதபுரம் பக்கம் பிறந்தவர்களுக்கு நான் இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

சன்ஸ்கிரீன் வாங்கும்போது பின்பக்கம் படியுங்கள். ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் என்ற இரண்டு வேதிப்பொருள்கள் பவளத்துக்குக் கேடு என்று, அவை கலந்தவற்றை விற்பதை 2021 ஜனவரி 1 முதல் ஹவாய் தடைசெய்துவிட்டது. வெளியூரிலிருந்து கொண்டுபோகும் பழைய குப்பியில் அவை இருக்கலாம். துத்தநாக ஆக்சைடு உள்ளதை வாங்குங்கள். அதைவிட நல்லது, முழுக்கை நீச்சல் சட்டை. முதுகில் எதையும் பூசவே வேண்டியிருக்காது.

முகமூடி, மூச்சுவிட உதவும் ஸ்நார்க்கல் குழாய், காலில் மாட்டும் துடுப்பான ஃபின்ஸ், நன்றாக நீந்தத் தெரியாதவருக்கு மிதவைச் சட்டை: எல்லாவற்றையும் கோனா நகரிலேயே வாடகைக்கு எடுத்துக்கொண்டு வர வேண்டும். ஃபின்ஸ் கனம்தான், ஆனாலும் கொண்டுபோங்கள். கால் தரையைத் தேடாமல் மிதக்க அதுதான் உதவும். குப்பைக்கு ஒரு பை. கொண்டுபோனது அத்தனையும் திரும்பி மேலே வர வேண்டும்.

படி 4: பாதையைக் கண்டுபிடித்து இறங்குதல்

கோனா நகரிலிருந்து 11-ஆம் எண் நெடுஞ்சாலையில் தெற்கே 20 கிலோமீட்டர் அளவு. காப்பித் தோட்டங்களுக்கு நடுவே போகும் சாலை. கேப்டன் குக் என்றே பெயர் கொண்ட ஊரில் நாப்போப்போ சாலை கடல் பக்கமாகப் பிரிந்து இறங்கும். அதில் திரும்பிச் சில நூறு அடியிலேயே பாதைத் தொடக்கம். பாக்கு மரம்போல் நெடுநெடுவென மூன்று மரங்கள் நிற்கும், அவற்றுக்கு எதிர்ப்பக்கம். வண்டிகளைச் சாலையோரம்தான் நிறுத்த வேண்டும், இடமும் கொஞ்சம்தான். யாருடைய வீட்டு வாசலையும் மறிக்காதீர்கள். விலையுயர்ந்த எதையும் வண்டிக்குள் விட்டுப் போகாதீர்கள்.

முதல் பகுதி பழைய வண்டிப்பாதை. இரு பக்கமும் ஆளுயரப் புல். மரநிழலும் உண்டு. மழை பெய்திருந்தால் சேறும் உருளைக்கற்களும் வழுக்கும். இறங்கும்போது முழங்காலுக்குத்தான் வேலை அதிகம். அவசரப்படாமல், சிறு சிறு அடியாகக் கால் வைத்து இறங்குங்கள்.

பாதி தூரத்தில் புல் விலகிக் கடல் முழுசாகத் தெரியும். அழகான இடம். ஆனால் இங்கேயே ஒரு முடிவும் எடுக்க வேண்டும். இதுவரை இறங்கியதை இப்போதே ஏறச் சொன்னால் ஏறுவீர்களா? தயக்கம் இருந்தால் திரும்புங்கள். எங்களோடு வந்த என் மைத்துனர் முழங்கால் வலித்ததும் இந்த இடத்தோடு நின்றார். அன்று மதியம் நாங்கள் ஏறி வந்த கோலத்தைப் பார்த்த பிறகு, அவர் எடுத்ததே சரியான முடிவு என்று எல்லோருக்கும் புரிந்தது.

அதற்குக் கீழே நிழல் இல்லை. கறுத்து இறுகிய எரிமலைக் குழம்பு, கால் வைத்தால் நொறுங்கும் சரளை. காலையில் பரவாயில்லை, நண்பகலில் இதே கல் அடுப்புப்போல் கொதிக்கும். மொத்த இறக்கத்துக்கு ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: ஊருக்குள் நுழைதல்

தரை சமமானதும் மரங்களுக்குள் கல் மதில்கள் தெரியத் தொடங்கும். சுண்ணாம்பு, சாந்து எதுவும் இல்லாமல் கல்லோடு கல் பொருத்திக் கட்டியவை. இவைதான் காவலோவா. தூணைப் பார்க்கும் அவசரத்தில் எல்லோரும் இதைத் தாண்டி ஓடிவிடுகிறார்கள். கொஞ்சம் நில்லுங்கள். மதில்மேல் உட்காராதீர்கள், ஏறாதீர்கள், பாதையை விட்டு உள்ளே போகாதீர்கள். இந்த மண்ணில் புதைகுழிகளும் இருக்கின்றன. கல்லைக் கல்மேல் அடுக்கிப் படம் எடுக்கும் பழக்கம் இங்கே வேண்டாம்; அடுக்க எடுக்கும் கல் ஏதோ ஒரு வீட்டின் கல். ஒரு துண்டு எரிமலைக்கல்லைக்கூட நினைவுக்கென்று எடுத்துவராதீர்கள்.

தூண் நீரோரத்தில் நிற்கிறது. சுற்றிலும் பழைய பீரங்கிக் குழல்களை நட்டுச் சங்கிலி கோத்திருக்கிறார்கள். நிலத்தை 1877-இல் ஹவாய் இளவரசி லிகேலிகேயும் அவர் கணவரும் பிரிட்டிஷ் தூதரக அதிகாரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். கல்வெட்டைப் படியுங்கள்: இந்தத் தீவுகளை 1778 ஜனவரி 18 அன்று குக் கண்டுபிடித்தார் என்கிறது. நீங்கள் சற்று முன் கடந்து வந்த மதில்களை அப்போது ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும். பல நூறு ஆண்டுகளாக மக்கள் வாழ்ந்த ஊரில் நின்றுகொண்டு படிக்கும் சொல் அது. அன்று இறந்த ஹவாய் மக்களின் பெயர் அந்தத் தூணில் ஒன்றுகூட இல்லை. எனக்கு அது உறுத்தியது. அந்த மதில்களின் அருகே நான் நின்ற நேரம் தூணடியில் நின்றதைவிட அதிகம்.

படி 6: கடலில் இறங்குதல்

தூணுக்கு முன்னால் சிறிய காரைத் தளம் இருக்கிறது. அங்கிருந்து இறங்குவதே எளிது. முதலில் ஐந்து நிமிடம் நின்று அலையின் போக்கைக் கவனியுங்கள். ஓரப் பாறைகளில் பாசி வழுக்கும். பொந்துகளில் கடல் முள்ளெலிகள் இருக்கும். கையை ஊன்றுமுன் பாருங்கள். தனியாக இறங்காதீர்கள்.

முகத்தை நீருக்குள் விட்ட மறுகணம் பவளம். கரையருகே ஆளுயரம்கூட இல்லாத ஆழம். சிறிது தூரத்தில் பாறைச் சரிவு சட்டென்று இறங்கி நீலம் இருண்டுவிடும். அந்த விளிம்போடு கரைக்கு இணையாக மிதந்து போவதுதான் சிறந்தது. பளீர் மஞ்சள் நிறத்தில் கூட்டமாக மேய்பவை சர்ஜன் மீன் இனம். பாசியைத் தின்று பவளம் மூச்சுவிட இடம் கொடுக்கின்றன. நறநறவென்று ஏதோ கடிபடும் சத்தம் கேட்டால் அது கிளிமீன். அலகுபோன்ற வாயால் பாறையைச் சுரண்டித் தின்னும். அரைத்து வெளியேற்றுவது மணலாகிறது.

பவளம் கல்போல் தெரிந்தாலும் கோடிக்கணக்கான சின்ன உயிர்கள் சேர்ந்து கட்டியது. ஒரு கால் மிதி போதும், பல ஆண்டு வளர்ச்சி போய்விடும். 2015-இல் கடல்நீர் சூடேறியபோது ஹவாயின் மேற்குக் கரையில் பவளம் பெருமளவில் வெளுத்து மடிந்தது. மிச்சம் இருப்பதைத்தான் நாம் பார்க்கிறோம். ஆகவே: எங்கும் நிற்காதீர்கள். களைத்தால் மல்லாந்து மிதங்கள். முகமூடியில் நீர் புகுந்தால் ஆழமான பக்கம் போய்ச் சரிசெய்யுங்கள். மீனுக்கு ரொட்டித் துண்டு போடாதீர்கள். விரிகுடாவின் இந்த வடபகுதியில் மீன்பிடிக்கவும் எதையும் எடுக்கவும் முழுத் தடை. அதனால்தான் மீன்கள் நம்மைக் கண்டு ஓடுவதில்லை.

டால்பின்கள், நம் மீனவர் சொல்லில் ஓங்கில்கள், காலையில் கூட்டமாக வரும். ஹவாயின் சுழல் டால்பின்கள் இரவெல்லாம் ஆழ்கடலில் இரை தேடி, பகலில் இதுபோன்ற அமைதியான விரிகுடாக்களில் உறங்குபவை. துரத்தினால் அவற்றின் தூக்கம் கெடும். 2021 அக்டோபர் முதல் 50 கெஜத்துக்குள் நெருங்குவது சட்டப்படி குற்றம். அவையாக நெருங்கி வந்தால் நீங்கள் விலகுங்கள். ஆமையைக் கண்டாலும் தள்ளியே இருங்கள்.

கரையில் வைத்துவிட்டுப் போகும் உணவுப் பையை இறுக மூடுங்கள். கரும்புத் தோட்டத்து எலிகளை ஒழிக்க 1883-இல் கொண்டுவந்து விட்ட கீரிகள் இன்று தீவெங்கும் திரிகின்றன. அவற்றின் பூர்வீகம் நம் இந்தியாதான்.

கடலில் ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை. அதற்குமேல் ஆசைப்படாதீர்கள், கால்களில் மிச்சம் வைக்க வேண்டும்.

படி 7: ஏற்றம்

உப்பு நீரிலிருந்து வந்தவுடனே ஏறாதீர்கள். நிழலில் அமர்ந்து சாப்பிட்டு, அரை லிட்டராவது குடித்து, சட்டையையும் துண்டையும் கடலில் நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். குடிநீரில் பாதியாவது இன்னும் பையில் இருக்க வேண்டும்.

நிழலற்ற கரும்பாறைப் பகுதி முதலிலேயே வந்துவிடும். அங்கேதான் ஆட்கள் தளர்கிறார்கள். குழுவில் மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நின்று, தாகம் எடுக்காவிட்டாலும் குடியுங்கள். தலைசுற்றல், குமட்டல், வியர்வை நின்றுபோதல் இருந்தால் உடனே நிழல் தேடி உட்கார வைத்து, உடம்பை நனைத்து, 911-ஐ அழையுங்கள். கைபேசியில் மின்சாரம் மிச்சம் வைத்திருப்பது இதற்காக. இறங்க ஒரு மணி நேரம் ஆனவர்களுக்கு ஏற ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரம் ஆகும். புல் பகுதி வந்ததும் காற்று குளிரும். அங்கே மேகம் இறங்கி நம்மைத் தொட்ட நிமிடத்தை என் மனைவி இன்றும் சொல்வாள்.

படி 8: எதிர்க்கரையையும் பாருங்கள்

மேலே வந்ததும் உடம்பு அறைக்குப் போகச் சொல்லும். வண்டியில் ஏறி அதே நாப்போப்போ சாலையில் கடைசிவரை இறங்குங்கள். தெற்கே சில மைல் தள்ளி, தண்டனைக்குத் தப்பி ஓடிவந்தவர்களுக்கு அடைக்கலம் தந்த புஹோனுவா ஓ ஹோனவ்னவ் தேசிய வரலாற்றுப் பூங்கா இருக்கிறது. அதற்கு வேறொரு அரைநாள் ஒதுக்குங்கள். இன்றைக்கு நாப்போப்போ போதும்.

சாலை முடியும் இடத்தில் ஹிகியாவ் ஹெயாவ்: லோனோவுக்கு உரிய கோயில் மேடை, கரிய கற்களால் உயர்த்திக் கட்டியது. இன்றும் புனித இடம். மேலே ஏறாமல் மதிலுக்கு வெளியே நில்லுங்கள். குக் வந்திறங்கிய அன்று அவரை அழைத்துப்போய்ச் சடங்கு செய்தது இங்கேதான். ஜனவரி 28 அன்று நோயில் இறந்த தன் மாலுமி ஒருவரை இங்கே புதைத்து, குக்கே இறுதி வாசகத்தைப் படித்தார். அந்த மதிலோரம் நின்று நீரின் குறுக்கே பார்த்தால், காலையில் நீங்கள் நின்ற வெள்ளைத் தூண் ஒரு புள்ளியாகத் தெரியும். இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடுவே அவருக்கு மிச்சம் இருந்தது 17 நாட்கள்.